எட்டு வாரத்தில் மாண்டரின்: வீட்டுக் கம்ப்யூட்டர் எவ்வளவு கற்றுத் தரும்?

சீன மொழி என்றதும் நமக்குப் பயம் வரக் காரணம் அதன் எழுத்துகள். 1980இல் சீன அரசு கம்ப்யூட்டருக்காக வகுத்த முதல் எழுத்துப் பட்டியலிலேயே 6,763 சீன எழுத்துகள் இருந்தன. நம்முடைய 247ஐப் படிக்கவே பள்ளியில் ஓராண்டு ஆயிற்று. ஆனால் பேசுவதற்கு இந்த எழுத்துகள் எதுவும் தேவையில்லை. பேச்சு மட்டும் போதும் என்றால் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர், ஒரு ஹெட்போன், ஒரு மைக், தினமும் முக்கால் மணி நேரம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு நிறையவே செய்யலாம். எதைச் செய்யலாம், எந்த இடத்தில் கம்ப்யூட்டரை நம்பக் கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2024 அக்டோபரில் ஒரு கலாசாரப் பரிமாற்றக் குழுவில் சேர்ந்து 10 நாட்கள் சீனாவின் ஷியான் நகருக்குச் சென்றேன். தங்குவது ஓட்டலில் அல்ல, ஒரு குடும்பத்துடன். அந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் என் வயதுடைய ஒருவர்தான். அவர் காலையில் வேலைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். பகலில் வீட்டில் இருப்பவரும் சமைப்பவரும் அவருடைய பாட்டி. நான் சைவம். குழு அனுப்பிய கடிதத்தில் இதைப் படித்தபோது பயணத்துக்கு எட்டு வாரங்கள் மீதமிருந்தன.

"போனில் பேசினால் மொழிபெயர்த்துச் சொல்லும் ஆப்கள் இருக்கின்றனவே, எதற்காகப் படிக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஓட்டல் மெனுவுக்கும் ரயில் நிலையத்துக்கும் அவை போதும். மாவு பிசைந்த கையோடு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ கேட்கும் பாட்டிக்கு, "கொஞ்சம் இருங்கள், போனை எடுக்கிறேன்" என்று எத்தனை முறை சொல்வது?

பின்யின் என்றால் என்ன?

சீன ஒலிகளை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறைக்குப் பின்யின் என்று பெயர். 1958இல் சீன அரசு இதை ஏற்றுக்கொண்டது. இதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் சோவ் யோவ்குவாங். அடிப்படையில் பொருளாதாரம் படித்தவர். 1906இல் பிறந்து 2017இல், 111ஆவது பிறந்த நாளுக்கு மறுநாள் காலமானார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு உதவ வந்த முறை, பிற்காலத்தில் கீபோர்டுக்கு இவ்வளவு பொருந்தும் என்று 1958இல் யார் நினைத்திருப்பார்கள்!

ஆங்கிலக் கீபோர்டில் ஏ, எம், எம், ஏ என்று டைப் செய்தால் 'அம்மா' என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். சீனர்களில் பெரும்பாலோர் டைப் செய்வதும் இப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம். தமிழில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. சீனத்தில் ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள். ஆகவே நீங்கள் பின்யினில் டைப் செய்ததும், பொருந்தும் எழுத்துகளை எண்ணிட்டு ஒரு சிறு பட்டியலில் காட்டும். வேண்டியதன் எண்ணைத் தட்ட வேண்டும். முதலாவதுதான் வேண்டும் என்றால் ஸ்பேஸ் பார் போதும்.

விண்டோஸில் இதை இலவசமாகவே சேர்க்கலாம். செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் லாங்குவேஜ் பகுதிக்குச் சென்று, ஆட் எ லாங்குவேஜ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். சைனீஸ் என்று தேடினால் பல வகைகள் வரும். சிம்ப்ளிஃபைடு, சைனா என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த திரையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இதை விண்டோஸின் டிஸ்பிளே லாங்குவேஜ் ஆக்கவா என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் டிக் இருக்கவே கூடாது. இருந்தால் மெனு எல்லாம் சீனத்தில் மாறிவிடும். திரும்பி வரும் வழியையும் சீனத்தில்தான் தேட வேண்டும்! இன்ஸ்டால் ஆன பிறகு, விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் மாறலாம். நோட்பேட் திறந்து என், ஐ, எச், ஏ, ஓ என்று டைப் செய்து ஸ்பேஸ் தட்டுங்கள். 'நி ஹாவ்', அதாவது வணக்கம், சீன எழுத்தில் வந்து நிற்கும்.

இதனால் பேச்சுக்கு என்ன லாபம்? ஒலியின் ஸ்பெல்லிங் சரியாகத் தெரிந்தால்தான் எழுத்து வரும். தினமும் பத்து வாக்கியங்களைக் காதால் கேட்டு, பார்க்காமல் டைப் செய்யுங்கள். நீங்கள் நினைத்த வாக்கியம் வரவில்லை என்றால் காது எங்கோ தவறவிட்டிருக்கிறது. இதைவிடப் பொறுமையான டிக்டேஷன் வாத்தியார் கிடைக்க மாட்டார்.

கீபோர்டு மறைக்கும் விஷயம்

இப்போது எஸ், எச், யு, ஐ, ஜே, ஐ, ஏ, ஓ என்று சேர்த்து டைப் செய்து பாருங்கள். பட்டியலில் இரண்டு சொற்களைக் காணலாம். ஒன்றுக்குப் பொருள் தூங்குவது. மற்றதற்குப் பொருள் நம்ம ஊர்க் கொழுக்கட்டை போல, தண்ணீரில் வேகவைத்த பண்டம். இரண்டுக்கும் ஸ்பெல்லிங் ஒன்றே. அதேபோல எம், ஏ, ஐ என்று டைப் செய்தால் 'வாங்கு' என்பதும் வரும், 'விற்பனை செய்' என்பதும் வரும். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டுவிட்டது, எனக்குச் சொல் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. வாயால் சொல்லும்போது இவற்றைப் பிரிப்பது டோன். கீபோர்டு நம்மிடம் டோனைக் கேட்பதே இல்லை.

டோன் என்பது ஒரு சொல்லைச் சொல்லும்போது குரல் ஏறுவதும் இறங்குவதும். நமக்கு இது புதிதல்ல. போனில் சரியாகக் கேட்கவில்லை என்றால் "ம்ம்?" என்று குரலை உயர்த்துகிறோம். சரி என்று ஒப்புக்கொள்ள அதே "ம்ம்" என்பதைக் கீழே இறக்குகிறோம். தமிழில் இது உணர்ச்சியைக் காட்டும். சீனத்தில் சொல்லின் பொருளையே மாற்றும். மாண்டரினில் நான்கு டோன்கள் உண்டு. முதலாவது, உயரமான ஒரே மட்டம். பாட்டு வாத்தியார் மேல் சுருதியைப் பிடித்து நிற்பது போல. இரண்டாவது, அந்த "ம்ம்?" போல ஏறுவது. மூன்றாவது, தாழ்ந்து அடியில் கிடப்பது. நான்காவது, "டேய்!" என்று அதட்டுவது போலச் சட்டென்று விழுவது. 'மா' என்பதை முதல் டோனில் சொன்னால் அம்மா, இரண்டாவதில் சணல், மூன்றாவதில் குதிரை, நான்காவதில் திட்டுவது. டோன் இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் லேசாகச் சொன்னால் கேள்வி. நம்முடைய 'வந்தானா' என்பதில் இருக்கும் 'ஆ' மாதிரி.

குரலைக் கண்ணால் பார்க்கலாம்

எட்டு வாரத்தில் எனக்கு மிகவும் உதவிய சாப்ட்வேர், மொழி கற்பதற்காக எழுதப்பட்டதே அல்ல. அதன் பெயர் பிராட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் போயர்ஸ்மா, டேவிட் வீனிங்க் இருவரும் ஒலி ஆய்வாளர்களுக்காக உருவாக்கியது. முற்றிலும் இலவசம். டச்சு மொழியில் பிராட் என்றால் பேச்சு. இன்ஸ்டால் செய்யவும் தேவையில்லை. டவுன்லோட் செய்த ஜிப் பைலைப் பிரித்து, உள்ளே இருக்கும் புரோகிராமை டபுள் கிளிக் செய்தால் போதும். இரண்டு விண்டோக்கள் திறக்கும். பிக்சர் என்பதை மூடிவிடுங்கள். மற்றதில் நியூ மெனுவில் ரெக்கார்டு மோனோ சவுண்ட் என்பதைக் கிளிக் செய்து, மைக்கில் ஒரு சொல்லைப் பேசி, ஸ்டாப் தட்டி, சேவ் டு லிஸ்ட் கொடுங்கள். பிறகு வியூ அண்ட் எடிட். மேலே பிட்ச் மெனுவில் ஷோ பிட்ச் என்பதற்கு டிக் இருந்தால், உங்கள் குரலின் ஏற்ற இறக்கம் ஒரு கோடாகத் திரையில் தெரியும்.

சீனர் ஒருவர் அதே சொல்லைப் பேசிய ஒலி பைலையும் ஓப்பன் மெனு வழியாகத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழுவினர் அனுப்பிய பயிற்சி ஆடியோ என்னிடம் இருந்தது, அதையே பயன்படுத்தினேன். பெண் குரலின் கோடு உயரத்தில் இருக்கும், ஆண் குரலின் கோடு தாழ்வாக இருக்கும். உயரத்தை ஒப்பிட வேண்டாம். வடிவத்தை மட்டும் ஒப்பிடுங்கள். மூன்றாவது டோனில் கோடு நடுவில் அறுந்து போகலாம். மைக் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். குரல் மிகவும் தாழ்ந்து கரகரக்கும்போது பிராட்டுக்குச் சுருதி பிடிபடுவதில்லை. சீனர்களின் பதிவிலும் அப்படித்தான் அறுந்திருக்கும்.

தமிழ் பேசும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிச் சொல்லும்போது ஒவ்வொன்றின் முடிவிலும் குரலை லேசாகத் தூக்குவோம். சீன எண்களையும் அதே ராகத்தில் மனப்பாடம் செய்தால் எல்லாமே இரண்டாவது டோனாகிவிடும். பிராட்டில் பார்த்தால் எல்லாக் கோடும் மேலே ஏறுவது தெரியும். எண்களைத் தனித்தனியாக, வரிசை மாற்றிப் பழகுங்கள். இன்னொன்று: மூன்றாவது டோன் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது, இரண்டாவது டோனாக மாறும். 'நி ஹாவ்' அப்படிப்பட்டதுதான். புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும் இந்த விதியைக் கோட்டில் ஒருமுறை பார்த்தால் மறக்காது.

தமிழருக்கு எது சுலபம்?

பின்யினில் 'பி' என்ற ஆங்கில எழுத்துகள் இரண்டும் வரும். பால் என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதும் 'பி', பந்து என்பதற்கு எழுதும் 'பி' என்று வைத்துக்கொள்ளுங்களேன். இரண்டாவது, நம் 'பல்' என்ற சொல்லின் சாதாரணப் 'ப'. முதலாவது, அதே 'ப'வை மூச்சை ஊதிச் சொல்வது. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தால் முதலாவதற்குக் காகிதம் ஆட வேண்டும், இரண்டாவதற்கு ஆடக் கூடாது. த, க வரிசைகளிலும் இப்படித்தான். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது. ஆகவே இங்கே அச்சுக்காகச் சீனச் சொற்களைத் தமிழில் கொடுத்தாலும், உங்கள் நோட்டில் பின்யினிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

'ழ' நமக்கு இங்கே கைகொடுக்கிறது. பின்யினில் 'ஆர்' என்று எழுதுவது கிட்டத்தட்ட நம் 'ழ'. மனிதன் என்பதற்கான சொல் 'ழென்', இறைச்சிக்கான சொல் 'ழோவ்'. ஆங்கிலேயர் தடுமாறும் இந்த ஒலி நமக்குப் பிறப்பிலேயே இருக்கிறது. ஆனால் தமிழ் என்பதில் 'ழ'வுக்காக ஆங்கிலத்தில் எழுதும் 'இசட் எச்' பின்யினிலும் வரும். அங்கே அது நாக்கை மடித்துச் சொல்லும் 'ச்ச' போன்ற ஒலி. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இலக்கணமும் பல இடங்களில் நம் பக்கம் சாய்கிறது. அண்ணனுக்கு 'கெகெ', தம்பிக்கு 'திதி', அக்காவுக்கு 'ஜியெஜியெ', தங்கைக்கு 'மெய்மெய்'. ஆங்கிலத்தில் இல்லாத இந்தப் பிரிவினை நமக்கு இயல்பு. நீ என்பதற்கு 'நி', மரியாதையாக 'நின்'. நாங்கள் என்பதற்கு 'வோமென்'. பேசுபவரையும் கேட்பவரையும் சேர்த்து நாம் என்று சொல்ல, வட சீனாவில் 'ட்ஸாமென்' என்று தனிச் சொல்லே உண்டு. இருபது என்பது இரண்டு பத்து, முப்பது என்பது மூன்று பத்து. வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ ஏற்ப மாறுவதில்லை. 'சாப்பிட்டாச்சா?' என்று நலம் விசாரிக்கும் பழக்கமும் அங்கே பெரியவர்களிடம் உண்டு.

என்னுடைய பட்டியல்

எழுபது வாக்கியங்களுக்கு மேல் நான் போகவில்லை. அவற்றை ஆன்கி என்ற இலவச சாப்ட்வேரில் அட்டைகளாகப் போட்டேன். டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006இல் வெளியிட்டது. கேள்வி ஒரு பக்கம், பதில் மறு பக்கம். தெரிந்த அட்டை பல நாட்கள் கழித்து வரும்; தெரியாதது அன்றே திரும்ப வரும். கம்ப்யூட்டருக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இலவசம், ஐபோனுக்கு மட்டும் பணம். பிறர் தயாரித்த ஆயிரக்கணக்கான அட்டைகளை டவுன்லோட் செய்யலாம் என்றாலும், நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விமான நிலையத்தில் சுங்கத்துறை அதிகாரி கேட்கும் கேள்விகள் எனக்கு எதற்கு? நமக்கு வேண்டியதை நாமே டைப் செய்தால் பாதி மனப்பாடம் அங்கேயே ஆகிவிடும். ஒவ்வொரு அட்டையிலும் டோன் எண்ணைச் சேர்க்க மறக்காதீர்கள். உச்சரிப்புக்கு, சீன வாக்கியங்கள் உள்ள பக்கத்தை எட்ஜ் பிரவுசரில் திறந்து ரீட் அலவுட் கொடுத்தால் நல்ல குரலில் படித்துக் காட்டும்.

சாப்பாட்டு வாக்கியங்களுக்குத்தான் அதிக நேரம் செலவிட்டேன். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. 'ழோவ்' என்றாலே முதலில் பன்றி இறைச்சிதான் நினைவுக்கு வரும். மீன் அதில் சேராது என்று நினைப்பவர்களும் உண்டு. 'வோ ச்ஷி ஸு', நான் சைவம் சாப்பிடுபவன், என்பது சரியான சொல். அதோடு 'லிமியென் யோவ் ழோவ் மா?' என்பதையும் கற்றுக்கொண்டேன். லிமியென் என்றால் உள்ளே. யோவ், இருக்கிறது. ழோவ், இறைச்சி. மா, நம் கேள்வி ஆகாரம். 'உள்ளே இறைச்சி இருக்கா?' இதில் வினைச்சொல் மட்டும் ஓரிடம் முன்னால் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

புறப்படும் முன்

கூகுளின் தேடல், ஜிமெயில், பிளே ஸ்டோர் முதலியவை சீனாவில் வழக்கமான இணைய இணைப்பில் கிடைப்பதில்லை. கூகுள் டிரான்ஸ்லேட் சேவையும் 2022இல் அங்கே நிறுத்தப்பட்டது. ஆகவே வேண்டியவை எல்லாவற்றையும் வீட்டிலேயே போனில் ஏற்றிவிட வேண்டும். டிரான்ஸ்லேட் ஆப்பில் சீன மொழிக்கான ஆஃப்லைன் பைலை டவுன்லோட் செய்யுங்கள். பிளேகோ என்ற அகராதி ஆப்பைப் போடுங்கள். அடிப்படை அகராதி இலவசம், இணையம் இல்லாமலே வேலை செய்யும். விமானத்துக்கு முதல் நாள் போனை ஏர்பிளேன் மோடில் வைத்து எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்காதது அங்கேயும் திறக்காது.

ஷியானில் நடந்தது

ஷியான் நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அல்ல. பள்ளிப் பாடத்தில் வரும் யுவான் சுவாங் காஞ்சிபுரம் வரை வந்து, 645இல் திரும்பிச் சென்ற தலைநகரம் அதுதான். அவர் கொண்டுபோன சுவடிகளுக்காக 652இல் கட்டிய கோபுரத்தின் வாரிசு இன்னும் நிற்கிறது. வீட்டில் யுவான் சுவாங் பெயரைப் பின்யினில் டைப் செய்து காட்டினேன். பாட்டிக்கு நான் எந்த ஊர் என்பது அதன் பிறகுதான் விளங்கியது.

அவரை முதல் நாளே 'நைநை' என்று அழைத்தேன். அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு அதுதான் சொல். வயதான பெண்களை வெளியாட்களும் அப்படி அழைக்கலாம். மதியம் கிண்ணத்தில் நூடுல்ஸ் வைத்தார். மேலே கீரை மட்டும் தெரிந்தது. 'லிமியென் யோவ் ழோவ் மா?' என்றேன். "மெய்யோவ், மெய்யோவ்," இல்லை, இல்லை என்றார். பிறகு கரண்டியோடு சற்று நின்றார். "தாங்... ஜி தாங்," என்று சொல்லிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஜி என்றால் கோழி. தாங் முதல் டோனில் சூப். இரண்டாவது டோனில் சொன்னால் சர்க்கரை. இறைச்சித் துண்டு இல்லை, கோழி வேகவைத்த நீர் இருக்கிறது! 'உள்ளே' என்று கேட்டதால்தான் அவருக்கு அது தோன்றியிருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் 'யோவ் போ மியென்' வந்தது. பட்டையான நூடுல்ஸின் மேல் மிளகாய்ப் பொடி தூவி, காய்ந்த எண்ணெயைச் சுரீரென்று ஊற்றுவார்கள். காரம் நம்ம ஊர்க் காரம். மீதி ஒன்பது நாட்களும் என்னுடைய மதிய உணவு பெரும்பாலும் அதுதான்.

எல்லாம் இப்படி நடந்துவிடவில்லை. நான் பேசியது நைநைக்குப் புரிந்தது. டிவியில் தினமும் கேட்கும் பொது மொழிதானே. அவர் பேசியது எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. ஷியான் வட்டார வழக்கில் டோன்களின் வடிவமே வேறு. எட்டு வாரம் பிராட்டில் பார்த்த கோடுகள் அவர் வாயில் இடம் மாறி வந்தன. இதற்கு எந்த சாப்ட்வேரும் என்னைத் தயார் செய்யவில்லை. இரண்டாம் நாள் ஒரு வழி கிடைத்தது. அவர் பின்யினில் டைப் செய்பவர் அல்ல. தன் போனில் விரலால் எழுதித்தான் மகளுக்குச் செய்தி அனுப்புவார். பிளேகோவிலும் கையால் எழுதும் கட்டம் உண்டு. அதைத் திறந்து நீட்டினால் சொல்லை எழுதுவார். கீழே பின்யினும் ஆங்கிலப் பொருளும் வந்துவிடும். நான் படித்துச் சொல்வேன். சரியென்றால் தலையசைப்பார், இல்லையென்றால் மெதுவாகச் சொல்லித் தருவார். வயதானவர்களோடு பேச நேர்ந்தால் இந்தக் கட்டத்தைத்தான் முதலில் திறந்து வையுங்கள்.

ஒரு சொல்லுக்கு மட்டும் அவர் போனை வாங்கவில்லை. அந்த ஊரின் பேர்போன பட்டை நூடுல்ஸுக்குப் 'பியாங் பியாங்' என்று பெயர். அந்தப் 'பியாங்' எழுத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கோடுகள். மேஜையில் சிந்தியிருந்த மாவின் மேல் விரலால் எழுதிக் காட்டினார். ஒரு நிமிடம் ஆயிற்று. நீண்ட காலம் கம்ப்யூட்டரில் இந்த எழுத்தே கிடையாது. ஓட்டல்காரர்கள் மெனுவில் ஆங்கில எழுத்தில் டைப் செய்து சமாளித்தார்கள். 2020 மார்ச்சில் வந்த யுனிகோட் 13இல்தான் இதற்கு இடம் கிடைத்தது. இப்போதும் ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் கட்டமாகத்தான் தெரியும்.